பட்டமளிப்பு விழா நாளில் நடக்கச் சிரமப்படும் விருந்தினர்களுக்காகக் கல்லூரியை ஆயத்தப்படுத்துதல்

பட்டமளிப்பு விழாவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அந்த வளாகத்துக்குள் அதற்கு முன் காலடி வைத்திராதவர்கள். பேத்தி பட்டம் வாங்குவதைப் பார்க்க ஊரிலிருந்து புறப்பட்டு வரும் முழங்கால் தேய்ந்த பாட்டி, பக்கவாதத்துக்குப் பின் ஊன்றுகோலின் துணையோடு நடக்கும் தந்தை, இளம்பிள்ளைவாதம் தாக்கிக் காலைத் தாங்கும் காலிப்பர் கருவி அணிந்திருக்கும் சித்தப்பா எனப் பலரும் அன்று வருவார்கள். அங்கேயே படிக்கும் மாணவருக்கு எந்த வாசலில் படி குறைவு என்பது நாளடைவில் பழகிவிடும்; ஒரே ஒரு நாள் வருபவருக்கு அதை அறிய வழியே இல்லை. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் தம் கட்டடங்களையும் வளாகத்தையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்கவையாக வைத்திருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கூறுகிறது. ஆனாலும் முழு வளாகமும் மாறும்வரை எந்த விழாவும் காத்திருப்பதில்லை என்பதால், இருக்கும் கட்டடங்களை வைத்துக்கொண்டு விழாக்குழு என்ன செய்யலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு சக்கர நாற்காலியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு, நுழைவாயிலில் தொடங்கி அரங்கின் இருக்கைவரை, அங்கிருந்து கழிப்பறைவரை, பின்பு உணவுக்கூடம்வரை முழு வழியையும் ஒருமுறை கடந்து பாருங்கள். சக்கர நாற்காலியையே நாள்தோறும் பயன்படுத்தும் மாணவரோ முன்னாள் மாணவரோ இருந்தால், அவருடைய நேரத்துக்கு உரிய மதிப்பூதியம் தந்து உடன் அழைத்துச் செல்வது மிகவும் நல்லது. நம் கண்ணில் படாத இரண்டு அங்குல வாசற்படி அவருடைய சக்கரத்துக்கு முதலில் தட்டுப்படும். நான் விழாக்குழுவில் இருந்த ஒரு கல்லூரியில் சாய்தளமும் இருந்தது, அரங்கமும் தரைத்தளத்திலேயே இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே மழைநீர்க் கால்வாயின் மேல் போடப்பட்டிருந்த இரும்புக் கம்பித் தட்டியின் இடைவெளியில் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்பதை விழா நாளன்றுதான் அறிந்தோம். வழியில் ஓரிடம் அறுந்தால் மற்ற எல்லா ஏற்பாடும் வீணாகும்.

சாய்தளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் என்பதே ஏற்கப்பட்ட கணக்கு. ஒவ்வொன்றும் 15 செ.மீ. உயரமுள்ள 3 படிகள் இருந்தால் ஏற வேண்டிய உயரம் 45 செ.மீ. ஆகிறது, அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஆனால் பல கல்லூரிகளில் அதே 3 படிகளின்மேல் 2 மீட்டருக்குச் சிமென்ட் பூசி விட்டிருப்பார்கள். இருசக்கர வாகனத்தை உருட்டி ஏற்ற உதவும் அந்தச் சரிவில் சக்கர நாற்காலி ஏறினால் பின்பக்கமாகக் கவிழும் ஆபத்து உண்டு. மேடை அமைப்பவரிடம் சொன்னால் இரும்புச் சட்டமும் தடித்த பலகையும் கொண்டு தற்காலிகச் சாய்தளம் செய்து தருவார். அகலம் 120 செ.மீ.க்குக் குறையாமலும், இருபுறமும் கைப்பிடிக் கம்பியுடனும், சக்கரம் நழுவி விழாதபடி ஓரங்களில் தடுப்புச் சட்டத்துடனும் அமையுமாறு அவரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். அதன்மேல் சிவப்புக் கம்பளம் விரிக்க வேண்டாம்; அது சுருண்டு சக்கரத்தையும் ஊன்றுகோலையும் ஒருசேரத் தடுக்கும். மேடைக்கும் இதே கணக்குத்தான், ஏனெனில் பட்டம் பெறுபவரே சக்கர நாற்காலியில் இருக்கக்கூடும். அவர் மட்டும் கீழே ஒரு மூலையில் பட்டம் வாங்கும் நிலை வரவே கூடாது.

நான்கு இளைஞர்கள் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று எவரேனும் சொன்னால், அதைக் கூட்டத்திலேயே மறுத்துவிடுங்கள். தூக்குபவர்களில் ஒருவருடைய கை நழுவினாலும் தலை படியில் மோதும். அது நிகழாவிட்டாலும், மகளின் வகுப்புத் தோழர்கள் தன்னைச் சுமந்து செல்வதை ஊரே பார்க்க நேர்ந்த ஒரு தாய்க்கு அந்த நாளின் மகிழ்ச்சி அங்கேயே முடிந்துவிடுகிறது. அரங்கம் மாடியில் இருந்து மின்தூக்கியும் இல்லையெனில், விழாவைத் தரைத்தளத்துக்கோ பந்தலுக்கோ மாற்றுவதுதான் சரியான முடிவு. மின்தூக்கி இருந்தால், மின்சாரம் நின்றாலும் ஜெனரேட்டரில் அது இயங்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டு, அன்று முழுவதும் ஒரு பணியாளரை அங்கே நிறுத்துங்கள்.

இருக்கைகளைப் பொறுத்தவரை, சக்கர நாற்காலிகளை எல்லாம் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அதற்கு மாறாக, முன்வரிசை, நடுவரிசை ஆகியவற்றின் ஓரங்களில் சில நாற்காலிகளை எடுத்துவிட்டு இடம் விடுங்கள்; குடும்பத்தினர் பக்கத்திலேயே அமர்வார்கள். ஊன்றுகோலுடன் வருபவர்களுக்குக் கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி தேவை. பிளாஸ்டிக் நாற்காலியில் கையூன்றி எழும்போது அது வழுக்கிவிடும்.

கழிப்பறைதான் பெரும்பாலும் மறந்துபோவது. மாற்றுத்திறனாளிகளுக்கெனக் கட்டப்பட்ட அறையில் உடைந்த மேசைகளைப் போட்டுப் பூட்டி, சாவியை வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பதை நானே கண்டிருக்கிறேன். வெளியே போனால் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று அஞ்சிக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருபவர்கள் பலர் உண்டு. எனவே அறையை முன்பே திறந்து, கதவு 90 செ.மீ. அகலத்துக்குத் திறக்கிறதா, உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் இடம் இருக்கிறதா, கோப்பையின் அருகிலுள்ள பிடிகம்பி ஆடாமல் நிற்கிறதா, தாழ்ப்பாள் உட்கார்ந்த நிலையில் எட்டுகிறதா என்று பாருங்கள். விழா நாளில் அதைப் பூட்டவே வேண்டாம்.

அழைப்பிதழில் இரண்டு வரி போதும்: படியில்லாத வாயில் எது என்ற விவரமும், சக்கர நாற்காலியோ வாகன வசதியோ தேவைப்பட்டால் அழைக்க வேண்டிய எண்ணும். அந்த எண்ணை எடுப்பவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். நுழைவாயில் காவலரிடமும், நடக்க இயலாதவர் வரும் ஆட்டோவையோ பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரையோ அரங்க வாசல்வரை விட வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பணி மாறும் நேரத்தில் அடுத்தவருக்குப் போய்ச் சேராது. வாகனம் நிறுத்த ஒதுக்கும் இடம் 3.6 மீட்டர் அகலம் இருந்தால்தான் கதவை முழுவதும் திறந்து சக்கர நாற்காலிக்கு மாற முடியும். நடைபாதையில் நிழலான இடங்களில் சில பெஞ்சுகளைப் போடுங்கள். முழங்கால் வலியோடு வருபவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைத் துணைக்கு நிறுத்தும்போது அரை மணி நேரமாவது பயிற்சி கொடுங்கள். கேட்காமல் நாற்காலியின் பிடியைத் தொடக் கூடாது. இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாகவே இறக்க வேண்டும். நின்றதும் பிரேக் போட வேண்டும். உடன் வந்தவரிடம் பேசாமல் அமர்ந்திருப்பவரிடமே பேச வேண்டும். தீ விபத்து போன்ற நெருக்கடியில் யாரை எந்த வழியாக வெளியேற்றுவது என்பதையும் அப்போதே பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுத்துவிடுங்கள்.

நின்றபடி உண்ணும் விருந்தானால், சக்கர நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் சில மேசைகளைத் தனியே போட்டு, உணவை அங்கேயே கொண்டுவந்து பரிமாறச் சொல்லுங்கள். விழா முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலை நோக்கி நெருக்குவார்கள் என்பதால், இவர்களுடைய வாகனங்களை முன்கூட்டியே அரங்க வாசலுக்கு வரவழைத்து, கடைசி வாகனம் புறப்படும்வரை மின்தூக்கிப் பணியாளரும் துணை நிற்கும் மாணவர்களும் இடத்தை விட்டு நகராமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.