அடுத்தவரும் எழுத இடம் விடும் கேரக்டர்: ரோல்பிளேக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

எழுத்து ரோல்பிளேயில், அதாவது ஆளுக்கொரு கேரக்டரை வைத்துக்கொண்டு மாறி மாறி எழுதிக் கதையை நகர்த்தும் விளையாட்டில், கொஞ்ச நாள் இருந்தவர்கள் எல்லோருமே இந்தக் கேரக்டரைச் சந்தித்திருப்பார்கள். சத்திரத்தின் இருட்டு மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும். வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தால் "ம்" என்று ஒரு பதில் வரும். யாராவது கத்தியை உருவினால் மட்டும், கண்ணிமைப்பதற்குள் அவருக்குப் பின்னால் வந்து நின்று கழுத்தில் வாளை வைத்துவிடும். அதோடு சீன் முடிந்தது. இப்படி நாலு சீன் வீணாய்ப் போனால், நன்றாக எழுதுகிறவர்கள் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அந்த மூலைக் கேரக்டரை எழுதியவரும் ஆசை ஆசையாகத்தான் எழுதியிருப்பார். கூட ஆடுபவருக்கு இடம் விடுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

1974ல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ரோல்பிளே விளையாட்டில் அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1978ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற, பலர் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் அதை கம்ப்யூட்டரே பார்த்துக்கொண்டது. இங்கே நாம் பேசும் எழுத்து ரோல்பிளேயில், அதாவது ஃப்ரீஃபார்மில், இந்த இரண்டுமே கிடையாது. என் வாள் உங்கள் கேரக்டர் மேல் பட்டதா என்பதை நீங்கள் எழுதினால்தான் உண்டு. ஆகவே ஆட்டம் முழுக்க முழுக்க எதிரில் எழுதுபவரின் சம்மதத்தில் நிற்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

படி 1: எழுதும் முன் படியுங்கள்

அந்த உலகத்தின் விதிகளையும், ஏற்கெனவே இருக்கும் கேரக்டர் ஷீட்களையும் (ஒவ்வொரு கேரக்டரையும் அறிமுகப்படுத்தும் குறிப்புகள்) படியுங்கள். ஆறு கொலையாளிகள் இருந்து ஒரு வைத்தியர்கூட இல்லையென்றால், ஏழாவது கொலையாளியோடு போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் குழுவை நடத்தும் மாடரேட்டரிடம் கேட்கலாம். கேட்பவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

படி 2: சக்தியை அப்புறம் பார்ப்போம், முதலில் தேவை

புதியவர்கள் எழுதும் ஷீட் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"ருத்ரன். வயது 17. ஒரு கண் சிவப்பு, மறு கண் நீலம். நூறு வீரர்களைத் தனியாக வீழ்த்தியவன். சிறு வயதிலேயே பெற்றோர் கண்ணெதிரே கொல்லப்பட்டார்கள். யாரையும் நம்பமாட்டான். பலவீனம்: எதுவுமில்லை."

இந்த வகை நேற்று முளைத்ததல்ல. 1973ல் பவுலா ஸ்மித் என்பவர் ஒரு ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழில் கேலியாக ஒரு குட்டிக்கதை எழுதினார். அதில் வரும் மேரி சூவுக்குப் பதினைந்தரை வயது, அதற்குள் லெப்டினன்ட். ரசிகர்கள் எழுதிய கதைகளில் இப்படிப்பட்ட நாயகிகள் குவிந்ததைப் பார்த்துத்தான் அவர் அதை எழுதினார். அந்தப் பெயரே இந்த வகைக்கு நிலைத்துவிட்டது. ஆனால் பலமான பெண் கேரக்டர் எது வந்தாலும் "மேரி சூ" என்று முத்திரை குத்துகிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பலம் இருப்பது குற்றமே இல்லை. யாருடைய உதவியும் தேவைப்படாமல் இருப்பதுதான் கோளாறு.

அந்த ஷீட்டை மறுபடி பாருங்கள். ருத்ரனுக்கு அடுத்தவரிடமிருந்து என்ன வேண்டும்? ஒன்றுமே வேண்டாம். அப்புறம் அடுத்தவர் அவனோடு எதற்குப் பேசவேண்டும்?

இதைத் திருத்துவோம். வாள்வீச்சு அவனிடமே இருக்கட்டும். கண் நிறத்தையும் தொட வேண்டாம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இதை மட்டும் சேர்க்கலாம்: ருத்ரனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காணாமல்போன தம்பியிடமிருந்து கடைசியாக வந்த கடிதம் அவன் இடுப்பில் இருக்கிறது. இன்னொருவரிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்ல அவனுக்கு வெட்கம்.

இப்போது எத்தனை கதவுகள் திறக்கின்றன பாருங்கள். எழுத்தர் அதைப் படித்துச் சொல்லலாம். திருடன் அதைத் திருடலாம். வேண்டாதவன் பொய்யாக வாசித்துக் காட்டலாம். இதில் எனக்குப் பிடித்த ஒரு வேலை உண்டு: கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை நீங்களும் முடிவு செய்யாதீர்கள். முதலில் அதை வாங்கிப் படிக்கும் கேரக்டரை எழுதுபவர், உங்களோடு ஓஓசியில், அதாவது கேரக்டருக்கு வெளியே, ஒரு வார்த்தை பேசிவிட்டு அதை எழுதட்டும். உங்கள் கதையில் ஒரு பங்கைக் கையில் கொடுத்துவிட்டால், அவர் உங்களை விட்டுப் போகமாட்டார்.

படி 3: வலிக்கும் குறை

"அதிக நல்லவன்", "கோபம் வந்தால் கட்டுக்கடங்காத சக்தி வரும்" என்பதெல்லாம் குறை என்ற பெயரில் வரும் தற்பெருமை. சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்தக் குறையால் என் கேரக்டர் தோற்றுப்போகும் ஒரு சீனை எழுத முடியுமா? ருத்ரனால் முடியும். படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டு மாட்டிக்கொள்வான். அப்படித் தோற்கிற நாளில்தான் குழுவில் எல்லோருக்கும் வேலை கிடைக்கும்.

படி 4: பின்கதையைச் சுருக்குங்கள்

நாலைந்து வாக்கியம் போதும். கொல்லப்பட்ட பெற்றோரை வைத்துக்கொண்டு சீனில் யாரும் எதுவும் செய்ய முடியாது. அது முடிந்த கதை. காணாமல்போன தம்பி விஷயம் அப்படியில்லை, அதில் இன்னும் நடக்க வேண்டியது இருக்கிறது. கூடவே ஒரு காலியிடமும் விட்டுவையுங்கள். "ஒரு காலத்தில் கப்பலில் ருத்ரனோடு வேலை பார்த்தவர் யாரோ ஒருவர்" என்று எழுதிவைத்தால், அடுத்து வருகிற புதியவர் "அது என் கேரக்டராக இருக்கட்டுமா?" என்று கேட்டு வருவார்.

படி 5: முதல் போஸ்ட்

ஷீட்டை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், ஆள் எப்படி என்பது முதல் போஸ்ட்டில், அதாவது உங்கள் முறைக்கு நீங்கள் எழுதி அனுப்பும் முதல் பகுதியில், தெரிந்துவிடும். இதைப் பாருங்கள்:

"ருத்ரன் சத்திரத்துக்குள் நுழைந்தான். அவனைக் கண்டதும் எல்லோரும் நடுங்கினார்கள். யாரையும் சட்டை செய்யாமல் மூலையில் போய் உட்கார்ந்தான்."

"எல்லோரும் நடுங்கினார்கள்" என்று எழுதும் உரிமை உங்களுக்கு இல்லை. நடுங்குவதா சிரிப்பதா என்பதை அந்தந்தக் கேரக்டரை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். கடைசி வரியோ கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டுவிடுகிறது. இதற்கு என்ன பதில் எழுதுவது?

இப்போது அதே வருகையை வேறு மாதிரி எழுதுவோம். முந்தைய போஸ்ட்டில் அல்லி என்ற கேரக்டர் மேசையில் மைக்கூட்டை வைத்துக்கொண்டு கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நனைந்த மேலாடையைக் கழற்றாமலே ருத்ரன் அந்த மேசைக்கு எதிரில் வந்து நின்றான். அவன் பார்வை மைக்கூட்டிலிருந்து அவள் விரல்களுக்குப் போனது. கை தானாக இடுப்புப் பக்கம் போய், பாதியிலேயே நின்றது. 'இங்கே யாராவது வருகிறார்களா?' என்றான், காலி இருக்கையைக் காட்டி."

அல்லியை எழுதுபவர் உழைத்து வைத்த மைக்கூடு இதில் பயன்பட்டிருக்கிறது; தன் போஸ்ட் படிக்கப்பட்டது என்று அவருக்குத் தெரிகிறது. கடிதம் என்ற சொல்லே வரவில்லை, ஆனால் கையின் தயக்கத்தைக் கவனித்தால் அவள் கேட்கலாம். கவனிக்காவிட்டாலும் பதில் சொல்ல ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு போஸ்ட்டையும் அனுப்பும் முன் இதை மட்டும் பாருங்கள்: இதைப் படிப்பவருக்கு அடுத்து எழுத ஏதாவது கிடைக்குமா?

படி 6: முயற்சி உங்களுடையது, முடிவு அவருடையது

சண்டை சீனில் "அவன் தோளை வெட்டினான்" என்று எழுதக்கூடாது. "அவன் தோளைக் குறிவைத்து வாளை வீசினான்" என்று நிறுத்துங்கள். அடுத்தவர் கேரக்டருக்கு என்ன ஆனது என்பதை நீங்களே முடித்துவைப்பதைத்தான் காட்மாடிங் என்கிறார்கள். வரும் அடியெல்லாவற்றையும் தவிர்த்துக்கொண்டே இருப்பதும் அதே வகைதான், அதைச் செய்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. சில அடிகளை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய காயம் அடுத்த சீனிலும் வலிக்கட்டும். இரண்டு போஸ்ட்டில் ஆறிவிடும் காயம் எதிராளியின் எழுத்தை அவமதிப்பது போல.

படி 7: உங்களுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது

அல்லி ஒற்றர் என்று அவள் ஷீட்டில் நீங்கள் படித்திருப்பீர்கள். ருத்ரன் படிக்கவில்லை. தெரிந்தது போல அவன் நடந்துகொண்டால் அது மெட்டாகேமிங். அவள் பல மாதம் காத்துவந்த ரகசியம் ஒரே வரியில் பாழாகிவிடும்.

படி 8: நீளம்

எதிரில் இருப்பவர் இரண்டு பத்தி எழுதினால், "தலையசைத்தான்" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். பக்கம் பக்கமாக மனவோட்டத்தைக் கொட்டுவதும் அதே அளவு சிக்கல்தான். இதைப் பலர் நல்ல எழுத்து என்று நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ருத்ரன் மனதில் ஓடுவது அல்லிக்குக் கேட்காது. அவளால் பதில் சொல்ல முடிகிற ஒரு செயலோ, பேச்சோ, முகமாற்றமோ இல்லாத போஸ்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவளுக்கு அது வெறுங்கை.

படி 9: எதிரில் இருப்பவர் சரியாக எழுதாதபோது

இதெல்லாம் கற்றபிறகு மற்றவர்களின் குறை பளிச்சென்று கண்ணில் படும். பொதுவில் அவர் ஷீட்டை எடுத்துப் போட்டுக் கிண்டல் செய்யாதீர்கள், செய்பவர்களோடு சேராதீர்கள். அங்கே இருப்பவர் முதன்முறையாக எழுதும் பள்ளி மாணவராக இருக்கலாம்; அந்த ஒரு கிண்டலோடு எழுதுவதையே விட்டுவிடக்கூடும். தனியாக, ஓஓசியில், குறிப்பாகச் சொல்லுங்கள். இப்போது நீங்கள் அல்லியை எழுதுகிறீர்கள், ருத்ரனை வேறொருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "உங்கள் கேரக்டர் சரியில்லை" என்றால் அவருக்கு எதுவும் புரியாது. "கடைசி போஸ்ட்டுக்கு அல்லி என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ருத்ரன் அவளிடம் ஏதாவது கேட்கிற மாதிரி ஒரு வரி சேர்க்க முடியுமா?" என்றால் பெரும்பாலானவர்கள் உடனே சேர்த்துவிடுவார்கள். காட்மாடிங் நடந்தால், "அந்த அடி பட்டதா என்பதை நான் எழுதுகிறேன், கடைசி வாக்கியத்தை மட்டும் மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள்.

இரண்டு மூன்று முறை பொறுமையாகச் சொல்லியும் மாறவில்லை என்றால் மாடரேட்டரிடம் கொண்டுபோங்கள். அதுவும் பலிக்காவிட்டால், அல்லிக்கு ஊரில் வேறு வேலை வந்துவிட்டது என்று ஒரு போஸ்ட் எழுதி மரியாதையாக வெளியேறிவிடலாம். அதற்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.