பழைய கப்பலில் ஆய்வு நாள்: சாயம் பூசினால் மறையாத தவறுகள்

தோட்டத்துக்குப் பெரிய துரை வருகிறார் என்றால் முதல்நாளே லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும், கால்வாய் கழுவப்படும். ஒழுகுகிற கூரை அப்படியே இருக்கும். பந்திங்கிலும் கேரித்தீவிலும் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பழைய கப்பலில் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் இந்தப் பழக்கத்தை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். கப்பலுக்கு வரும் ஆய்வு அதிகாரி சுவரைப் பார்த்துத் திருப்திப்பட்டுப் போகிறவர் அல்லர். "இதை ஓட்டிக் காட்டு" என்பார். ஓடவில்லை என்றால் கப்பல் அங்கேயே நிற்கும்.

முதலில், யார் வருகிறார் என்பதிலேயே பலருக்குக் குழப்பம். கிள்ளானில் கப்பலின் பாதுகாப்பைச் சோதிப்பது துறைமுக வாரியமோ வெஸ்ட்போர்ட், நார்த்போர்ட் நிறுவனங்களோ அல்ல. ஜபாத்தான் லாவுட், அதாவது மலேசியக் கடல்துறை இலாகா. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் நம் துறைமுகத்துக்கு வந்தால் இந்த இலாகா செய்யும் சோதனைக்குத்தான் போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல் என்று பெயர். மலேசியக் கொடிக் கப்பல் சிங்கப்பூருக்கோ இந்தோனேசியாவுக்கோ போனால் அந்த நாட்டு அதிகாரி அதே சோதனையைச் செய்வார். 1978இல் பிரான்ஸ் கரையோரம் அமோகோ காடிஸ் எண்ணெய்க் கப்பல் உடைந்தபின் இந்தச் சோதனையைச் சேர்ந்து நடத்த ஐரோப்பிய நாடுகள் 1982இல் பாரிஸ் உடன்பாட்டைச் செய்துகொண்டன. நம் வட்டாரத்துக்கான தோக்கியோ உடன்பாடு 1993 டிசம்பரில் கையெழுத்தாகி 1994 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. மலேசியா அதில் உறுப்பு நாடு. ஓர் உறுப்பு நாடு எழுதும் அறிக்கை மற்ற நாடுகளின் கணினியிலும் தெரியும். ஆகவே, "இந்தத் துறைமுகத்தைத் தாண்டிவிட்டால் போதும்" என்ற கணக்கு எடுபடாது.

வயது இதில் நேரடியாகப் புள்ளியாகிறது. 2014 முதல் தோக்கியோ உடன்பாட்டில் ஒவ்வொரு கப்பலுக்கும் அபாயப் புள்ளி உண்டு. 12 வயதைத் தாண்டினால் 1 புள்ளி. எண்ணெய், இரசாயனம், எரிவாயு ஏற்றும் டேங்கர்கள், மொத்தச் சரக்குக் கப்பல், கொள்கலன் கப்பல், பயணிகள் கப்பல் என்றால் 2 புள்ளி. நிர்வாகக் கம்பெனியின் பெயர் கெட்டிருந்தால் இன்னும் 2. கடந்த 36 மாதங்களில் ஐந்துக்கு மேல் குறைகள் பதிவான ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புள்ளி. மொத்தம் 4 வந்தால் அது உயர் அபாயக் கப்பல். இரண்டு முதல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை சோதனை வரும். குறைந்த அபாயக் கப்பலுக்கு அது 9 முதல் 18 மாதம். நம் செம்பனை எண்ணெயை ஏற்றிப்போகும் பழைய இரசாயன டேங்கருக்கு, யாரும் எந்தத் தவறும் செய்யாமலே 3 புள்ளி ஏறிவிடுகிறது. குறைகள் நிறைந்த ஒரே ஓர் அறிக்கை அதை எல்லை தாண்ட வைத்துவிடும்.

ஆகவே முதல் தவறு கப்பல் ஏறுவதற்கு முன்பே நடக்கிறது: ஏஜெண்ட் சொல்லும் கப்பல் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவது. பழைய கப்பல் கைமாறும்போது பெயரும் கொடியும் மாறலாம். கப்பலின் அடையாளமான ஏழு இலக்க ஐஎம்ஓ எண் மாறாது. அதைக் கேட்டு வாங்குங்கள். தோக்கியோ உடன்பாட்டின் இணையதளத்திலும், இலவசமாகப் பதிவு செய்துகொள்ளக்கூடிய ஈக்வாசிஸ் தளத்திலும் அந்த எண்ணைப் போட்டால், எங்கே, எப்போது, எதற்காகப் பிடித்து வைத்தார்கள் என்பதெல்லாம் வரும். எண்ணைத் தர மறுக்கும் ஏஜெண்டிடம் மகனை ஒப்படைக்காதீர்கள். 2023 மே 1இல் புலாவ் திங்கி அருகே வெடித்த பாப்லோ டேங்கர் 1997இல் கட்டப்பட்டது. அதிலிருந்த 28 பேரில் 25 பேர்தான் மீட்கப்பட்டார்கள். வயதான கப்பலில் விபத்து நேர்ந்தால் அது என்ன விலை கேட்கும் என்பதற்கு நம் கடலிலேயே நடந்த சாட்சி அது.

இனி கப்பலுக்குள். அதிகாரி ஜெட்டியில் நிற்கும்போதே சோதனை தொடங்கிவிடும். நீர்மட்டக் குறிகள், கேங்வே எனும் ஏறுபடியின் கயிறு, அதன் கீழே கட்டிய வலை, மேலே நிற்கும் காவலாள் எல்லாம் அவர் கண்ணில் படும். அவருடைய அடையாள அட்டையைக் கேட்காமல், வருகைப் பதிவேட்டில் எழுதாமல் உள்ளே விடுவது மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். அது கப்பல் பாதுகாப்பு விதியின்படி குறை. விதியில் 'தெளிவான முகாந்திரம்' என்று ஒன்று இருக்கிறது. சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு ஒரு சுற்று நடப்பதோடு முடிய வேண்டிய சோதனை, அப்படி ஒரு சந்தேகம் எழுந்தால் விரிவான சோதனையாக மாறும். பழைய கப்பலில் விரிவான சோதனை என்றால் எதுவும் அகப்படாமல் போவது அரிது.

பழைய கப்பல்களை அதிகம் மாட்டிவிடுவது எமர்ஜென்சி ஃபயர் பம்ப். இயந்திர அறையே எரிந்தாலும் வெளியிலிருந்து தண்ணீர் தர வேண்டிய பம்ப் இது. பல கப்பல்களில் இதன் வாராந்திரச் சோதனையே தவறாக நடக்கிறது. இயந்திர அறையின் மெயின் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதையும் ஓட்டி, கேஜில் அழுத்தத்தைப் பார்த்து 'குட்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அழுத்தம் மெயின் பம்பு தந்தது.

சரியான முறை இதுதான். மெயின் பம்புகளை நிறுத்துங்கள். இயந்திர அறைக்கு வெளியே, அந்த அறையின் குழாய்களைப் பிரிக்கும் ஐசொலேட்டிங் வால்வை மூடுங்கள். பிறகு எமர்ஜென்சி பம்பை ஓட்டி, முன்முனையில் ஒரு குழாய், மேல்தளத்தில் ஒரு குழாய் என இரண்டு தாரைகளை ஒரே நேரத்தில் அடித்துப் பாருங்கள். 6,000 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பலில், குழாய் மாட்டும் ஹைட்ரண்டில் 0.27 மெகாபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 2.7 பார் அழுத்தம் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்த கப்பலில் 2.5 பார். சரக்கை இறக்கிக் கப்பல் உயர்ந்து நிற்கும்போதும் இதைச் செய்யுங்கள். பாரம் ஏறிய கப்பலில் நன்றாக இழுக்கும் பம்பு, கடல்மட்டம் கீழே போனதும் காற்றை இழுக்கும். தேய்ந்த கிளாண்டு பேக்கிங், உறிஞ்சு குழாயின் ஃபிளாஞ்சில் மயிரிழை இடைவெளி, மூடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஆகியவையே வழக்கமான காரணங்கள். பம்பைக் கழற்றுவதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

அந்தப் பம்பின் டீசல் தொட்டியில் மூன்று மணிநேர ஓட்டத்துக்கான எண்ணெயும், இயந்திர அறைக்கு வெளியே மேலும் 15 மணிநேரத்துக்கான கையிருப்பும் இருக்க வேண்டும். அதைச் செகண்ட் இன்ஜினியருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்தால் அதுவும் குறைதான். அதிகாரி பக்கத்தில் நிற்கும் ஆயில்மேனைக் கூப்பிட்டு "நீ ஸ்டார்ட் செய்" என்பார். தீயணைப்புத் தண்ணீரைக் கப்பல் முழுவதும் கொண்டுபோகும் ஃபயர் மெயின் குழாயையும் சும்மா விட்டுவிடாதீர்கள். தாங்கிகளின் அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் அது துருவேறி ஓட்டையாகும். அங்கே ரப்பர் சுற்றிக் கிளாம்ப் போட்டு மேலே சிவப்புச் சாயம் அடித்த குழாய், கப்பலைப் பிடித்து வைக்கப் போதுமான காரணம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுக்குழாய் வைப்பது ஒருநாள் வேலை.

எமர்ஜென்சி ஜெனரேட்டர் மின்சாரம் போன 45 விநாடிக்குள் தானே கிளம்பி மின்சாரம் தர வேண்டும். பேட்டரி சாகும்போது உதவ இரண்டாவது ஸ்டார்ட் முறையும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவதைத்தான் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

இயந்திர அறையில் ஆட்கள் தம் வசதிக்காகச் செய்துகொள்ளும் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் பெரிய ஆபத்து. எண்ணெய்த் தொட்டியின் சவுண்டிங் குழாயில் கையை எடுத்தால் தானே மூடும் காக் எனும் வால்வு ஒன்று இருக்கும். அளவெடுக்கும் ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது என்று அதன் எடைக்கட்டையைக் கழற்றிவிடுவார்கள், அல்லது கம்பியால் கட்டித் திறந்தே வைப்பார்கள். தொட்டி நிரம்பி வழிந்தால் எண்ணெய் அந்தக் குழாய் வழியே பீய்ச்சிச் சூடான எக்ஸாஸ்டில் விழும். குவிக்-குளோசிங் வால்வு அதிர்வில் தானாக விழுகிறது என்று மரக்கட்டை செருகுவதும் இதே வகைத் தவறு. தீப்பிடித்த நேரத்தில் வெளியிலிருந்து கம்பியை இழுத்தால் வால்வு அசையாது, எண்ணெய் தொடர்ந்து தீக்குப் போகும். தேய்ந்த கொக்கியையும் ஸ்பிரிங்கையும் மாற்றுவதுதான் மருந்து. காற்றுப் போதவில்லை என்று தீக்கதவைக் கயிறு போட்டுக் கட்டித் திறந்து வைப்பது மூன்றாவது. காற்றோட்ட டாம்பர்களைக் கைப்பிடியை அசைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. தகடு உள்ளே உண்மையில் மூடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கைப்பிடி திரும்பும், உள்ளே தகடு துருப்பிடித்து உதிர்ந்திருக்கும்.

கப்பலின் அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த பில்ஜ் நீரைப் பிரிக்கும் கருவி, 15 பிபிஎம்முக்குமேல் (பத்து லட்சம் பங்கில் 15) எண்ணெய் கலந்த நீரைக் கடலுக்கு விடக்கூடாது. அதிகாரி இதை ஓட்டச் சொல்வார், கூடவே எண்ணெய்ப் பதிவேட்டையும் விரிப்பார். பதிவேடு பொய் சொன்னால் கணக்கே காட்டிக்கொடுக்கும். மணிக்கு ஒரு கன மீட்டர் பிரிக்கும் கருவி இரண்டு மணிநேரத்தில் ஐந்து கன மீட்டர் பிரித்ததாக எழுதியிருப்பதைப் பார்த்தால், அடுத்ததாக அவர், கருவியைத் தவிர்த்து நேராகக் கடலுக்கு விடும் மறைவுக் குழாயைத்தான் தேடுவார். ஃபிளாஞ்சு போல்டுகளில் மட்டும் சாயம் உரிந்திருக்கிறதா, ஒரே ஓரிடத்தில் மட்டும் புதுச்சாயம் மினுக்குகிறதா என்று பார்ப்பார். கருவி கெட்டுவிட்டால் கெட்டது என்று பதிவேட்டில் எழுதுங்கள். அதற்கென்றே அதில் எஃப் என்ற குறியீடு இருக்கிறது. கழிவைத் தொட்டியில் தேக்கிக் கரையில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட கருவி ஒரு குறை. மறைவுக் குழாய் சிறைக்கு இட்டுச்செல்லும் குற்றம்.

உயிர்ப்படகில் வாரம் ஒருமுறை இயந்திரத்தை மூன்று நிமிடமாவது ஓட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். தொங்கும் கம்பிவடத்தை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். கிரீஸ் அப்பிய வடத்தில் அறுந்த இழைகள் தெரியாது, துடைத்துவிட்டுப் பாருங்கள். காற்று நிரப்பும் மிதவைப்படகில் அடிக்கடி காணப்படும் தவறு ஒன்று உயிரையே பறிக்கும். கப்பல் மூழ்கும்போது நீரழுத்தத்தில் படகைத் தானே விடுவிக்கும் ஹைட்ரோஸ்டேடிக் ரிலீசில், படகைக் கப்பலோடு பிணைக்கும் பெயின்டர் கயிறு 'வீக் லிங்க்' எனும் பலவீன வளையத்தில் கட்டப்பட வேண்டும். ஆனால் பலர், உறுதியாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் நேராகத் தளத்து இரும்பில் கட்டிவிடுகிறார்கள். கப்பல் மூழ்கினால் படகு விரிந்து மேலே வரும், கயிறு அறாது, கப்பலே அதைக் கீழே இழுத்துப் போய்விடும். பொதுவாக இரண்டு ஆண்டு மட்டுமே செல்லுபடியாகும் அந்தக் கருவியின் காலாவதி மாதத்தையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

காகிதத்தில் ஓய்வுநேரப் பதிவுதான் வலுவற்ற இடம். 24 மணிநேரத்தில் 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி, ஓய்வை இரண்டு துண்டுக்குமேல் பிரிக்கக்கூடாது, ஒரு துண்டு குறைந்தது ஆறு மணிநேரம். இதைக் கணினியில் மாதக்கடைசியில் ஒரே அச்சாக நிரப்புகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பைலட் ஏறிக் கப்பலைக் கட்டியதாக லாக்புக் சொல்லும். அதே நேரத்தில் தளப் பணியாளர் தலைவரான போசன் தூங்கியதாக ஓய்வுப் பதிவு சொல்லும். அதிகாரிக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தீப் பயிற்சியை நடத்தச் சொல்லும்போது, தெரியாததற்கும் "எஸ் சார்" என்று தலையாட்டுவது நம் பிள்ளைகளிடம் அதிகம். மரியாதையில் வரும் பழக்கம்தான். ஆனால் அங்கே அது புரியவில்லை என்பதாகவே பதிவாகும். கேள்வி விளங்கவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். ஆபத்தில் நீங்கள் கூட வேண்டிய மஸ்டர் இடம், உங்கள் வேலை, தீயை அணைக்கச் சிஓ2 வாயுவை விடுவதற்கு முன் ஆளை எண்ணுவது ஏன் என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லிப் பழகுங்கள்.

ஏதோ ஒன்று உண்மையிலேயே கெட்டிருக்கிறது, உதிரிபாகம் வரவில்லை. அப்போது என்ன செய்வது? துறைமுகத்துக்கு வருவதற்கு முன்பே கேப்டன் கொடி நாட்டுக்கும், கப்பலின் தரத்துக்குச் சான்று தரும் கிளாஸ் சங்கத்துக்கும் துறைமுக நாட்டுக்கும் எழுதித் தெரிவித்து, உதிரிபாகம் கேட்ட கடிதத்தையும் மாற்று ஏற்பாட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். வழியில் நேர்ந்த சேதத்தை இப்படி முன்கூட்டியே சொல்லி, சரிசெய்யவும் ஏற்பாடு செய்திருந்தால் கப்பலைப் பிடித்து வைக்காமலிருக்க விதியிலேயே இடமுண்டு. அதிகாரியே கண்டுபிடித்தபின் சொல்வதற்கு அந்தச் சலுகை இல்லை. அறிக்கையில் 17 என்ற குறியீடு இருந்தால் புறப்படுவதற்கு முன் சரிசெய்ய வேண்டும். 16 என்றால் 14 நாளுக்குள். 30 என்றால் கப்பல் பிடிக்கப்பட்டது. பழுதை அவர் கப்பலில் இருக்கும்போதே சரிசெய்து காட்டினால் 10 என்று அங்கேயே முடித்துக்கொள்ள முடியும்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு. இந்த அதிகாரி சம்பளத்தையும் சாப்பாட்டையும் பார்க்கும் அதிகாரமும் உள்ளவர். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி இரண்டு மாதச் சம்பளம் கொடுக்காமல் விட்டால் அது கப்பலாளியைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். நான்கு மாதம் வரையிலான பாக்கியையும் ஊர் திரும்பும் செலவையும் காப்புறுதி ஏற்க வேண்டும். அந்தக் காப்புறுதிச் சான்றிதழ் கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். முறையிட்டவர் பெயரை அதிகாரி வெளியே சொல்லக்கூடாது. மகன் போனில் சம்பளம் வரவில்லை என்று சொன்னால், அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் படம், கடைசிச் சம்பளச் சீட்டு, கப்பலின் ஐஎம்ஓ எண், அடுத்த துறைமுகத்தின் பெயர், சேரும் தேதி ஆகிய ஐந்தையும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கிள்ளானுக்கு வருவதாக இருந்தால் அவற்றோடு நேராகக் கடல்துறை இலாகாவுக்குப் போகலாம்.