கால் முறிந்தால் சம்பளம் யார் தருவார்? இயலாமைக் காப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெல்த் பாலிசி ஆஸ்பத்திரி பில்லைத்தான் பார்த்துக்கொள்ளும். வாடகையையும் இஎம்ஐ-யையும் அது கட்டாது. அதையும், வேலைக்குப் போக முடியாத நாட்களில் பணம் தரும் இயலாமைக் காப்பீட்டையும் ஒன்றாக நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவதுதான் முதல் தவறு.

“விபத்துக் காப்பீடு இருக்கிறதே” என்பது அடுத்தது. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்‌ஷா பீமா யோஜனாவில், விபத்தில் இரண்டு கண்களோ கைகளோ கால்களோ நிரந்தரமாகப் பறிபோனால் 2 லட்சம் கிடைக்கும். ஒரு கண் அல்லது ஒரு கை, கால் போனால் 1 லட்சம். எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துக்கிடந்தால் ஒரு ரூபாய்கூட வராது. வண்டி இன்சூரன்ஸோடு வரும் 15 லட்ச ரூபாய் உரிமையாளர்-ஓட்டுநர் காப்பீட்டிலும் இதே நிலைதான்.

குணமாகும்வரை பணம் வேண்டுமென்றால், தனிநபர் விபத்து பாலிசியில் ‘தற்காலிக முழு இயலாமை’ என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இது தனியாகக் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டியது. வழக்கமான கணக்கு, வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதிகபட்சம் 100 வாரம். 10 லட்சத்துக்கு எடுத்திருந்தால் வாரம் 10,000 ரூபாய். ஆனால் வாரத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு வேறு பக்கத்தில் இருக்கலாம், தேடிப் படியுங்கள். கிளெய்ம் பெரும்பாலும் இடறுவது டாக்டர் சீட்டில். ‘ஓய்வு தேவை’ என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை செய்ய இயலாது என்று தெளிவாக எழுதி வாங்க வேண்டும். அதோடு ஆபீஸின் விடுப்புச் சான்று, சம்பளச் சீட்டு. சொந்தத் தொழில் என்றால் வருமான வரிக் கணக்கு. எழுத்தர் என்று சொல்லி பாலிசி எடுத்துவிட்டு, பிறகு மின்கம்பம் ஏறும் வேலைக்குப் போனவர் அதை நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் அங்கேயும் சிக்கல்தான்.

பக்கவாதம் விபத்து ஆகாது. அதற்குத் தீவிர நோய் பாலிசி வேண்டும். அதுவும் உடனே வராது: நரம்புப் பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடிப்பதாகச் சான்று கேட்பார்கள். அதுவரை ஓட்டக் கையில் சேமிப்பு இல்லாவிட்டால் பாலிசி இருந்தும் கடன்தான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தொழிலாளர்கள் தங்களுக்கு உள்ளதையே கேட்காமல் விடுகிறார்கள். நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம். வேலையில் அடிபட்டால் குணமாகும்வரை 90 சதவீதம். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், 2010 முதல் இதில் சேரும். நிர்வாகம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று அன்றே விசாரியுங்கள். வெளி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் இஎஸ்ஐ மருத்துவரின் சான்றை விட்டுவிடாதீர்கள்.

தனியார் பாலிசியில் கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைதீர் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஓராண்டு கடந்தால் அந்தக் கதவு அடைத்துவிடும்.