பையில் ஒரு போல்ட்டோடு கடைக்குப் போங்கள்: ஸ்பானர் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கைத் தானே பழுது பார்க்க நினைப்பவர் கண்ணில் முதலில் படுவது, 46 உருப்படிகள் கொண்ட சிறிய சாக்கெட் பெட்டி. நானும் அதைத்தான் வாங்கினேன். அந்தப் பெட்டியின் ராட்செட், அதாவது சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடி, கால் அங்குல வகை (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு அது); சாக்கெட்டுகள் பெரும்பாலும் 14 மி.மீ. அளவோடு நின்றுவிடும். பின்சக்கர அச்சு நட்டு அதைவிடப் பெரியது. வேறு சாக்கெட் பொருத்தி, கைப்பிடியில் குழாயைச் செருகி அழுத்தினேன். ராட்செட்டின் உள்பல் உடைந்துபோனது. உருப்படிகளை எண்ணி விலையை மதிப்பிட்டதுதான் நான் செய்த தவறு.

நம் சாலைகளில் ஓடும் பல பைக்குகளுக்கு 8, 10, 12, 14, 17 ஆகிய அளவுகளே அடிக்கடி தேவைப்படும். அவற்றில் நல்ல ரிங் ஸ்பானர்களும் (வளையம் போல மூடிய வாய் உள்ளவை), அச்சு நட்டை அளந்து பார்த்து அதற்கென ஒன்றும் போதும். சென்னை லிங்கி செட்டி தெருவில் உதிரியாகக் கேட்டு வாங்கலாம். நாசிக்கில் இயங்கும் டபாரியா போன்ற நம் நாட்டு நிறுவனத்தின் ஸ்பானரே வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். இறக்குமதிச் சரக்கைத் தேடி அலைய வேண்டாம்.

பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். குரோம் பூச்சு எந்த இரும்பின் மேலும் மின்னும். உறுதியான எஃகுக் கலவையைக் குறிக்கும் ‘குரோம் வனேடியம்’ என்ற எழுத்தை யாரும் பொறித்துவிடலாம். அதனால்தான் போல்ட்டை எடுத்துப் போகச் சொல்கிறேன். ஆறு மி.மீ. போல்ட்டின் தலை 10 மி.மீ. அகலம் இருக்கும். தேயாத ஒன்றைக் கொண்டுபோய், ஸ்பானரை மாட்டி இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் அதிகமாக இருந்தால் விசை தலையின் தட்டையான பக்கங்களில் விழாமல் மூலைகளில் விழும், மூலைகள் மழுங்கும். பிறகு அந்த போல்ட்டைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கூலியில் நல்ல ஸ்பானரே வாங்கியிருக்கலாம். துருப்பிடித்த நட்டுகளுக்குப் பன்னிரண்டு மூலை சாக்கெட்டைவிட ஆறு மூலை சாக்கெட்டே பாதுகாப்பானது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுமுறை ஸ்பானரில் உள்ள எண் போல்ட் தண்டின் விட்டத்தைக் குறிக்கிறது, தலையின் அகலத்தை அல்ல. ‘ஏறக்குறைய பொருந்துகிறது’ என்று மி.மீ. ஸ்பானரை மாட்டிவிடாதீர்கள்.

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் முனைகளுக்கு நடுவே ஒளி தெரிந்தால் அது மெல்லிய கம்பியை வெட்டாது, மடக்கும்.

உதிரிபாகங்களுக்குப் பெயர்போன புதுப்பேட்டையில் பழைய ஸ்பானர் கண்ணில் பட்டால் ஒதுக்க வேண்டாம். நன்கு அடித்து உருவாக்கிய பழைய ரிங் ஸ்பானர் பல காலம் உழைக்கும். வாய் விரிந்ததையும், கிரைண்டரில் தேய்த்ததையும், வெல்டிங் வைத்ததையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. அது காட்டும் அளவு சரிதானா என்று கடையில் நின்று சோதிக்க வழியில்லை. புனல், கம்பி பிரஷ், போல்ட் போட்டுவைக்கும் தட்டு ஆகியவற்றில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

ஆயுதபூஜை முடிந்ததும் மழைக்காலம் வந்துவிடும். கடல் காற்றோடு ஈரமும் சேரும் ஊர் நம்முடையது. கருவிகளில் வைத்த சந்தனத்தை மறுநாளே துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவிப் பெட்டியில் வையுங்கள்.