மஞ்சள் குருவி குளிர்காலத்தில் எங்கே போகிறது?

வட நியூ ஜெர்சியில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பறவைகளுக்கு விதை வைக்கும் ஒரு ஃபீடர் தொங்குகிறது. முதல் கோடை முழுக்க அதில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு சின்னக் குருவி வந்தது. அமெரிக்கன் கோல்ட்ஃபின்ச், இந்த மாநிலத்தின் பறவை. குளிர் வந்ததும் காணோம். மங்கலான பழுப்புக் குருவிகள்தான் வந்தன. மார்ச் கடைசியில் அந்தப் பழுப்புக் குருவி ஒன்றின் கழுத்தில் திட்டுத்திட்டாக மஞ்சள் தெரிந்தபோதுதான் புரிந்தது, இத்தனை நாளும் கோல்ட்ஃபின்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. வருடத்துக்கு இரண்டு முறை அது உடலிறகை மாற்றுகிறது.

அதனால் புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களிடம் நான் சொல்வது: நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் அலகு. கோல்ட்ஃபின்ச்சுக்கு விதை உடைக்கும் குட்டையான கூம்பு அலகு. அப்புறம் இறக்கை, கறுப்பில் வெளிர்க் கோடுகள், எந்தப் பருவத்திலும் இருக்கும். பறக்கும்போது அலைபோல ஏறி இறங்கிப் போகும்.

ஃபீடருக்கு வரும் இன்னொரு பறவை கார்டினல். அதில் ஆண் வருடம் முழுக்கச் சிவப்பு, பெண் மணல் நிறம். இரண்டுக்கும் கொண்டையும் செம்மஞ்சள் அலகும் உண்டு. ஜூலையில் கொண்டை வைத்த பழுப்புப் பறவை கறுத்த அலகோடு வந்தால் அது பெண் அல்ல, குஞ்சு. விடியும்போதும் இருட்டும் நேரத்திலும் ஜன்னலருகே இருங்கள்; மற்ற பறவைகள் வராத அந்த வெளிச்சத்தில் கார்டினல் வரும். வசந்தத்தில் ஆண் ஒரு விதையை உடைத்துப் பெண்ணின் அலகில் ஊட்டுவதைப் பார்த்தால் அன்றைக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டாம். ஆகஸ்டில் சில கார்டினல்கள் மொட்டைத் தலையோடு வரும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் இறகு உதிர்ப்புதான்.

புளூ ஜே என்ற நீலப் பறவையின் இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வரும் நீலம் அது. இறகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் பழுப்பாகத் தெரியும். ஆனால் கீழே கிடக்கும் இறகை எடுக்காதீர்கள். (காட்டுப் பறவைகளின் இறகை வைத்திருப்பது இங்கே சட்டப்படி கூடாது.) கொண்டை படிந்திருந்தால் அமைதி, தூக்கியிருந்தால் சண்டைக்குத் தயார். பருந்தின் குரலிலும் கத்தும். சத்தம் கேட்டதும் வானத்தைப் பார்க்காமல் மரக்கிளையைப் பாருங்கள்.

டவுனி, ஹேரி என்ற இரண்டு மரங்கொத்திகளும் ஒரே கறுப்பு வெள்ளை. அலகு தலையில் மூன்றில் ஒரு பங்கு என்றால் டவுனி, தலை நீளத்துக்கே இருந்தால் ஹேரி.

8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ்) பைனாகுலர் ஒன்றும் ஒரு நோட்டும் போதும். பெயர் தெரியாவிட்டாலும் எழுதுங்கள்: எப்படித் தின்றது, எப்படிக் கிளம்பியது. கோல்ட்ஃபின்ச் உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். சிக்கடீ என்ற சின்னக் குருவி ஒரே விதையைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். ஆபத்து கூடக்கூட அதன் அழைப்பில் ‘டீ டீ’ கூடும். நட்ஹாட்ச் என்ற சின்னப் பறவை தலைகீழாக மரத்தில் இறங்கும்.

ஃபீடரை ஜன்னலிலிருந்து 3 அடிக்குள் வையுங்கள், கண்ணாடியில் வேகமாக மோதாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட் என்ற பொதுமக்கள் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடம் எண்ணிக் கொடுத்தால் போதும். அப்போது வரும் பழுப்புக் குருவிகளின் இறக்கைக் கோட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.