பங்குனி உத்திரத்துக்குக் கேமராவோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

டிக்கெட் எடுப்பதற்கு முன், அந்த வாரம் ஊரில் என்ன விசேஷம் என்று விசாரித்துவிடுங்கள். விசாவைப் பார்க்கிறோம், வெயிலைப் பார்க்கிறோம், இதை மட்டும் பார்ப்பதில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காட்டின் செம்பு நிறத்தைப் படமெடுக்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு 11 வருடம் கழித்து மெல்பர்னிலிருந்து போய் இறங்கினேன். செருப்பைக் கழற்றும்போதே தங்கை சொன்னாள்: "நல்ல வேளை அண்ணே, உத்திரத்துக்கு வந்துவிட்டாய். சாஸ்தா கோயிலில் சின்னவளுக்குக் காது குத்துகிறோம்."

முதலில் தேரி. குதிரைமொழி, காயாமொழிப் பக்கத்து மணலுக்கு அந்த நிறத்தைத் தருவது செம்பு அல்ல, இரும்பு. ஒவ்வொரு மணற்பரலின் மேலும் இரும்புத் துரு பூச்சாகப் படிந்திருக்கிறது. விடிந்த பின் முக்கால் மணி நேரம், வெயில் சாய்வாக விழும்வரைதான் அது செம்பு. எட்டு மணிக்கு வெறும் செங்கல் பொடி. கேமராவின் தானியங்கி வண்ணச் சமநிலையை நம்பவே நம்பாதீர்கள். படம் முழுக்கச் சிவந்திருப்பதைத் தவறு என்று எண்ணி, நீலத்தைக் கலந்து அது திருத்திவிடும். பகல் வெயிலுக்கான அமைப்பில், 5500 கெல்வின் அளவில், நிறுத்திவிடுங்கள். மற்ற நிறங்களுக்கு முன்பே சிவப்பு நிரம்பி வழிந்து, மணலின் வரிகள் அழிந்துபோகும். கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரை ஸ்டாப்பாவது குறைத்து, பிறகு திருத்த இடம் தரும் ரா (RAW) கோப்பாக எடுங்கள். மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஆடிக் காற்றில் அங்கே கேமராவையே வெளியே எடுக்காதீர்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? எங்கள் சாஸ்தா கோயில் தேரிக்குள்ளேதான் இருக்கிறது. நாலு மணிக்கு வேன் கிளம்பும் என்றார்கள். கோயிலில் விடியலைப் பிடித்துவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா வராமல் வேன் நகராது என்பது கணக்கில் இல்லை. ஐந்தே முக்காலுக்கு அவர் வந்தார். உத்திரக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தேரி முழுதும் துலக்கிய குடம்போல மின்னிக்கொண்டிருக்க, நான் இரண்டு மடிகளுக்கு நடுவே பொங்கல் பானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேமரா வைத்திருப்பவன் குடும்பத்தின் வேலைக்காரன். அடுப்பு மூட்டியது முதல் படம். மொட்டை அடித்தது, பொங்கல் பொங்கியது, பொங்கிய பானையோடு ஒவ்வொரு வீட்டார். ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகலைகளைத் தனித்தனியாக எடுத்து, இரண்டிலும் பெரியவர்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 412 படங்கள். ஒன்றில்கூட நல்ல வெளிச்சம் இல்லை. உச்சி வெயிலில் எல்லார் கண்ணும் குழிக்குள் கிடக்கிறது.

காது குத்தும் நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. தாய்மாமன் மடியில்தானே குத்த வேண்டும்? மடியில் மருமகள் அலறுகிறாள், ஆசாரி ஊசியோடு குனிகிறார், பின்னாலிருந்து ஒரு குரல், "படத்தை யார் எடுக்கிறது?" என் கேமரா யார் யார் கைக்கோ போனது. தட்டில் இருந்த தோடு, பட்டுப்பாவாடை எல்லாம் தாய்மாமன் சீர் என்றார்கள். நான் கொண்டுபோனது சாக்லேட் மட்டும். மீதியை என் பெயரில் தங்கையே வாங்கி வைத்திருந்தாள். பெரியவளுக்குக் குத்தியபோது நான் வரவில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடி கொடுத்திருக்கிறார். அதை யாரும் எனக்கு நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம்.

ஆகவே, முதல் மூன்று விடியலை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வந்ததாகச் சொல்லுங்கள். பொய்தான்.

வண்ணத்துப்பூச்சிக்கு மலை ஏற வேண்டியதில்லை. மாநிலத்தின் சின்னமாக 2019-இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போக வேண்டும். எனக்கு நாள் மிஞ்சவில்லை. ஆனால் குளத்தங்கரை எருக்கஞ்செடியிடம் எட்டு, எட்டரை மணிக்குப் போய் நின்றால் வெந்தய வரியன் வரும். புழுவாக இருக்கும்போது தின்ற எருக்கின் நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதனால் அவசரமில்லாமல் பறக்கும். இறக்கையை விரித்து வெயில் காயும்போது எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் செம்பு நிறம் ஆரஞ்சு மிட்டாய் ஆகிவிடும்.

தாமிரபரணியின் பெயரிலேயே தாமிரம் இருக்கிறது என்று மாலையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் போனேன். கண்டது ஆகாயத்தாமரை. அதைவிட உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் குடிசை, அதாவது விடிலி, ஏதாவது ஒன்றைத் தேடிப் போங்கள். பதநீர் காய்ந்து பாகாகும்போது வரும் நிறம் எந்தக் கேமராவிலும் ஏமாற்றாது. கேட்டுவிட்டு எடுங்கள், ஒரு கிலோ கருப்பட்டி வாங்குங்கள், ஆவி படிந்த லென்ஸைச் சட்டையால் துடைக்காதீர்கள்.

ட்ரோன் வேண்டாம், 2022 முதல் இந்தியாவில் அதன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. வீட்டுப் பழஞ்செம்பைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். 100 ஆண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியே கொண்டுபோகக் கூடாது. அத்தனை பழையதல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி விமான நிலையத்தில் காட்டுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

எங்கள் ஆச்சியின் வெந்நீர்த் தவலை மாடிப்படிக்குக் கீழே கோழித் தீவனத்தோடு கிடந்தது. எடைக்குப் போட மனம் வரவில்லை என்றாள் தங்கை. கிளம்பும் நாள் காலையில் புளி போட்டுத் தேய்த்தேன். கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் தெரிந்தது. ஆச்சியின் பெயர் என்று நினைத்தேன். சீராகக் கொண்டுவந்து இறக்கிய அவளுடைய அண்ணன் பெயர். இத்தகைய வெட்டெழுத்து நேர் வெளிச்சத்தில் படத்தில் விழாது. ஜன்னல் ஓரமாகச் சாய்த்துவைத்து, பக்கவாட்டு வெயிலில் எடுங்கள்.