மரச்சீனி விளைக்கு இரவுக் காவல்: பைனாகுலரில் இரவுப்பார்வை கேமரா பொருத்தும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, தடிக்காரன்கோணம், பேச்சிப்பாறை பக்கம் மலையடிவாரத்தில் மரச்சீனியோ (மரவள்ளி) வாழையோ போட்டிருப்பவர்களுக்கு, ராத்திரி விளைக்குள் இறங்குவது பன்றியா, மிளாவா, முள்ளம்பன்றியா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. எந்த மூலையில் நுழைகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிந்தால் வேலியை எங்கே பலப்படுத்துவது என்று முடிவு செய்யலாம். சாதாரண டார்ச் அடித்தால் ஓடிவிடும், ஒன்றும் தெரியாது. கையில் இருக்கும் பைனாகுலரின் பின்புறம் ஒரு சிறு கேமராவைப் பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் தரும் ஐஆர் டார்ச் சேர்த்தால் நூறு மீட்டர் வரை தெளிவாகப் பார்க்கலாம்.

வெளிநாடுகளில் வேட்டைத் துப்பாக்கியின் ஸ்கோப்புக்குப் பின்னால் செருகும் இரவுக் கருவிகளிலும் இதே ஒளியியல்தான் வேலை செய்கிறது. இங்கே அதைத் துப்பாக்கியில் பொருத்தும் பேச்சே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். காட்டுப்பன்றிக்கும் அது பொருந்தும். பயிரை அழிக்கும் பன்றிகளைப் பற்றி 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறையிலும் சுடுவது வனத்துறையின் வேலை, விவசாயியின் வேலை இல்லை. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையவும் கூடாது. இது உங்கள் சொந்த விளையில், முக்காலியில் நிற்கும் பைனாகுலருக்கான செய்முறை.

எந்த வகை?

வெப்பப் படக்கருவி கண்ணாடி வழியே பார்க்காது. உடல் சூட்டில் வரும் நீண்ட அலை அகச்சிவப்பைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். அதனால் பைனாகுலரின் பின்னால் அதை வைத்துப் பயனில்லை. தனிக்கருவியாகத்தான் வாங்க வேண்டும். பட்டாளத்துக்காரர்கள் பயன்படுத்தும் ஒளிபெருக்கிக் குழாய் விலை அதிகம், பகல் வெளிச்சம் பட்டால் கெட்டும் போகும். தொடக்கக்காரருக்கு ஏற்றது டிஜிட்டல் வகைதான். சிசிடிவி கேமராவின் உள்பலகை, அதற்கொரு சிறு திரை, ஒரு ஐஆர் டார்ச். மொபைல் கேமரா போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான மொபைல்களில் படம் பிடிக்கும் சில்லான சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பை வெட்டும் கண்ணாடி இருக்கிறது. ஐஆர் வெளிச்சத்தில் அது கிட்டத்தட்டக் குருடு.

வாங்க வேண்டியவை

8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ; பெரிய முன்கண்ணாடிதான் முக்கியம், 8×21 வேண்டாம்). சோனி ஐஎம்எக்ஸ்307 அல்லது ஐஎம்எக்ஸ்327 சென்சார் உள்ள ஏஎச்டி (சிசிடிவி கம்பியில் உயர்தெளிவுப் படம் அனுப்பும் முறை) கேமரா பலகை, 12 வோல்ட். அதற்கு 12 மி.மீ குவியத்தூரமுள்ள எம்12 (12 மி.மீ மரை) லென்ஸ், ஐஆர் தடுப்புக் கண்ணாடி இல்லாதது. ஏஎச்டி 1080 வரியை ஏற்கும் 5 அங்குலத் திரை. காரின் ரிவர்ஸ் திரை என்று விற்பவற்றில் பல பழைய சிக்னலை மட்டும் எடுக்கும், கேட்டு வாங்குங்கள். மூன்று 18650 லித்தியம் செல், தொடராக இணைத்த மூன்று செல்லைப் பாதுகாக்கும் 3எஸ் பிஎம்எஸ் பலகை, 2 ஆம்பியர் பியூஸ். முன்லென்ஸை நகர்த்திக் குவிக்கும், 850 நானோமீட்டர் அலைநீள ஐஆர் டார்ச். ஒரு துண்டு பிவிசி பைப், ஆறு சிறு திருகு, முக்காலி.

850ஆ 940ஆ என்பதில் குழம்ப வேண்டாம். 850இல் டார்ச்சின் முகத்தில் மங்கிய சிவப்புப் பொட்டு தெரியும். 940இல் அதுவும் தெரியாது, ஆனால் இந்த சென்சார்களின் உணர்திறன் அங்கே பாதிக்கும் கீழே போய்விடும். நூறு மீட்டர் வேண்டுமென்றால் 850.

லென்ஸ் 12 மி.மீ என்று சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. 8 மடங்கு பைனாகுலரும் 12 மி.மீ லென்ஸும் சேர்ந்தால் 96 மி.மீ லென்ஸ் ஆகிறது. சென்சாரின் அகலம் ஏறக்குறைய 5.6 மி.மீ. அதனால் நூறு மீட்டரில் திரையில் தெரியும் அகலம் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வளர்ந்த பன்றி அதில் ஐந்தில் ஒரு பங்கு வரும். உங்கள் விளை ஐம்பது மீட்டருக்குள் முடிந்துவிட்டால் 8 மி.மீ லென்ஸ் போடுங்கள். அகலம் கூடும், வெளிச்சம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

படி 1: வெளிச்சம் குவியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

பகலில் பைனாகுலரை வானத்தை நோக்கி வையுங்கள். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. கண் வைக்கும் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தாளில் ஒரு வெளிச்ச வட்டம் விழும். அது மிகச் சிறியதாகவும் ஓரம் கூர்மையாகவும் ஆகும் இடத்தில் நிறுத்தி, கண்ணாடியிலிருந்து தாள் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 8×42இல் வட்டம் 5 மி.மீ சொச்சம் இருக்கும், தூரம் பெரும்பாலும் 15 முதல் 18 மி.மீ. கேமரா லென்ஸின் முகம் இந்தத் தூரத்தைவிட இரண்டு மூன்று மி.மீ பைனாகுலர் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். தூரம் தவறினால் படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் வரும். பக்கவாட்டில் தவறினால் பிறை வடிவத்தில் ஒரு பக்கம் இருளும்.

படி 2: கேமராவைத் தனியே ஃபோகஸ் செய்தல்

பைனாகுலர் இல்லாமல் கேமராவையும் திரையையும் இணைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பொருளைப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக்காரர்களுக்குக் காற்றாலை இறக்கை இருக்கிறது, மற்றவர்களுக்கு மலைமுகடு. லென்ஸைத் திருகித் தெளிவாக்கிப் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். இனி இதைத் தொடக் கூடாது. அகச்சிவப்பு குவியும் இடம் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். அந்த வித்தியாசத்தை இரவில் பைனாகுலரின் ஃபோகஸ் சக்கரத்தால் மட்டும் சரிசெய்ய வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றித் திருகுபவர்களுக்குத் தெளிவு கிடைப்பதே இல்லை.

படி 3: பைப் உறை

ஐகப்பின் (கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையம்) வெளிவிட்டத்தை அளந்து, அதற்குச் சற்றுப் பெரிய பிவிசி துண்டை 6 செ.மீ நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு முனையில் மூன்று திருகு, வட்டத்தை மூன்றாகப் பங்கிட்டு. இவை ஐகப்பைப் பிடிக்கும். மறுமுனையில் இன்னும் மூன்று. இவை கேமராவின் உறையைப் பிடிக்கும். ஒன்றைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை இறுக்கினால் கேமரா நகர்ந்து நடுவுக்கு வரும். திருகு முனையில் சைக்கிள் டியூப் துண்டு வைத்தால் ஐகப் கிழியாது.

உள்ளே கறுப்பு அடிக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பல பெயிண்ட்டும் துணியும் அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும். அடிப்பதற்கு முன் ஒரு சிறு துண்டில் பூசி, ஐஆர் டார்ச் அடித்து இந்தக் கேமராவிலேயே பாருங்கள். திரையிலும் கரியாகத் தெரிந்தால் அடிக்கலாம். சாம்பலாகத் தெரிந்தால் வேறு டப்பா தேடுங்கள்.

படி 4: மின்சாரம்

மூன்று செல் தொடராக, முழுச் சார்ஜில் 12.6 வோல்ட். கேமராவும் திரையும் சேர்ந்து அரை ஆம்பியர் எடுத்தால் 2600 மில்லிஆம்பியர்-மணி செல்லில் ஐந்து மணி நேரம் என்பது கணக்கு; நாலு மணி நேரம் என்றே நம்புங்கள். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல்லைப் போடாதீர்கள், ஒன்று வலுவிழந்திருந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். பியூஸ் நேர்முனைக் கம்பியில், செல்லுக்கு ஒட்டி இருக்க வேண்டும். டார்ச்சுக்குத் தனி செல்.

படி 5: கேமரா மெனு

பகல்/இரவு என்பதை ஆட்டோவில் விடாமல் நிரந்தரக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். ஷட்டர் 1/25 நொடி. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும் சென்ஸ்-அப் வசதியை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். வெளிச்சம் கூடும், ஆனால் நடக்கும் விலங்கு புகைபோல இழுபடும். திரையின் பிரகாசத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து ஓரங்களில் அட்டை மறைப்பு வையுங்கள். உங்கள் முகத்தில் விழும் வெளிச்சத்தை விலங்கு பார்க்கும், இருட்டுக்குப் பழகிய உங்கள் கண்ணும் கெடும்.

படி 6: டார்ச் வைக்கும் இடம்

படம் நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. டார்ச்சைப் பைனாகுலரின் மேல் கட்டாதீர்கள். தனிக் கைப்பிடியில் ஒரு சாண் பக்கவாட்டில், அதன் முகம் பைனாகுலரின் முன்கண்ணாடியைத் தாண்டி முன்னால் நிற்கும்படி வையுங்கள். ஒளிக்கற்றை விழும் வழியில் வாழை இலையோ ரப்பர் மரத்தடியோ இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றாலும் அது வெள்ளையாக எரியும். கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். தூரத்துப் பன்றி இருட்டில் மறைந்துவிடும். அதிக வாட் டார்ச் வாங்கினால் இலையும் சேர்ந்துதான் எரியும். முக்காலியை இரண்டு அடி நகர்த்துவதே மருந்து.

கற்றையை முழுக்கக் குவித்தால் எல்இடி சில்லின் சதுர வடிவம் அப்படியே விழும்; சற்றுத் தளர்த்தி ஓரம் கலையும்படி வையுங்கள். ஐம்பதிலிருந்து நூறு மீட்டர் போனால் விலங்கின் மேல் விழும் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், அதனால் தூரத்துக்குக் குறுகிய கற்றை. ஐஆர் டார்ச்சை யாருடைய கண்ணிலும் அடிக்காதீர்கள். வெளிச்சம் தெரியாததால் இமை தானாக மூடாது.

கெடும்போது எங்கே பார்ப்பது

திரை முழுக்க வெள்ளை மூட்டம் என்றால், டார்ச் எரியும்போதே பைனாகுலரின் முன்கண்ணாடியை மூடியால் மூடுங்கள். மூட்டம் அப்படியே இருந்தால் பிவிசி உறையின் இடுக்கு வழியே வெளிச்சம் நுழைகிறது; கறுப்பு டேப் சுற்றுங்கள். மறைந்துவிட்டால் காரணம் வெளியே இருக்கிறது: கண்ணாடியில் அழுக்கு, பனி, மூடுபனி, அல்லது அருகிலுள்ள இலை. மூடுபனியில் டார்ச்சை இன்னும் விலக்கி வைத்தால் கொஞ்சம் தெளியும். தூறலில் நிறுத்திவிடுங்கள்.

படத்தில் படுக்கைக் கோடுகள் மேலும் கீழும் ஓடினால் டார்ச் குறைந்த வேகத்தில் துடித்து எரிகிறது என்று பொருள். மங்கல் நிலையில் பல டார்ச்கள் அப்படித்தான் அணைந்து அணைந்து எரியும். முழு நிலைக்கு மாற்றி, வெளிச்சம் அதிகமென்றால் முன்லென்ஸைத் தளர்த்திப் பரப்புங்கள்.

பார்க்கும்போது கண் ஒளியை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். மிளா, மரநாய், நாய் ஆகியவற்றின் கண்ணில் வெளிச்சத்தைத் திருப்பும் படலம் உண்டு, திரையில் விளக்காகத் தெரியும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மரச்சீனி மூட்டுக்குள் குனிந்து கிண்டும் முதுகுக் கோட்டையும் செடி ஆடுவதையும்தான் தேட வேண்டும். யானை தெரிந்தால் கருவியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பராமரிப்பு

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. முன்கண்ணாடியில் 5 செ.மீ பிவிசி வளையம் மாட்டினால் விடியற்காலைப் பனி படிவது குறையும். கருவியை ஈரத்தோடு பையில் போடாமல் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னும், அதைத் துடைத்தெடுக்க முடியாது. மணக்குடி, குளச்சல் போன்ற கரையோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை செல் தொடும் தகடுகளையும் பியூஸ் முனைகளையும் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் செல்லைக் கழற்றிவிட்டு நைசான உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டுங்கள்.